ஜன்னலிலிருந்து தெரியும் பரப்பு

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தங்கள் வீட்டுப் பின்புறம் எப்படித் தெரியும் என்று, கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு கடிதம் வந்துதான் யோசிக்க வைத்தது. பின்புறத்தில் ஐந்தடிக்கு ஏழடியில் ஒரு குளியலறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள நகராட்சியில் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழு வாரம் கழித்து வந்த பதிலில் இரண்டே வரி. மேற்படி இடம் எழுத்தாளர் நினைவு இல்லத்தின் மாடி ஜன்னலிலிருந்து தெரியும் பரப்புக்குள் வருவதால் புதிய கட்டுமானம் எதற்கும் அனுமதி இல்லை.

பக்கத்து வீடு கல் வீடு. எழுத்தாளர் பத்தொன்பது வருடம், கோடை தவறாமல், பெட்டி படுக்கையோடும் சமையல்காரரோடும் மலையேறி வந்து மூன்று மாதம் தங்கி எழுதிவிட்டு இறங்கிப் போவார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் வீட்டை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். இப்போது வாசலில் சீட்டுக் கொடுக்கும் கூண்டு, பித்தளைப் பலகை, தெருவை அடைத்துக்கொண்டு சுற்றுலா வண்டிகள். அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுபவன்தான் அவள் கணவன். வாரத்தில் நாலு நாள் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து தன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை வீட்டுக்குள் வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போவான்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவன் மடித்து வைத்தான். அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்க முடியுமா என்றான். நாம் சாப்பிடுகிற சோற்றில் பாதி அந்த மனிதர் பேரில் வருவதுதானே என்றும் சொன்னான். அவனுக்கென்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள். தினமும் காலையில் வாளியைத் தூக்குவது அவன் இல்லையே.

விஷயம் இதுதான். வீட்டில் இருக்கும் ஒரே கழிப்பறை மாடியில் இருக்கிறது. ஏறிப் போகப் பதினான்கு படி. மழைக்காலத்தில் ஒரு நாள் மாமனார் மேலிருந்து மூன்றாவது படியில் வழுக்கி, மிச்சப் படிகளையெல்லாம் இடுப்பால் எண்ணிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். இடுப்பில் திருகாணி வைத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், நடக்கலாம், ஆனால் இந்த ஜென்மத்தில் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து கீழறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி. அதன் அடியில் உள்ள வாளியை எடுத்துக்கொண்டு பதினான்கு படி ஏறி, கொட்டிக் கழுவி, நாற்காலியைப் பின்புறத்தில் வெயிலில் காயவைத்துவிட்டு, குளித்து, எட்டரைக்குள் கடைக்கு ஓட வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினால்கூட வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும். அதனால் காலையில் கை நடுங்காமல் போய்ச் சேர வேண்டும்.

மாமனார் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குழாய் வேலை பார்த்தவர். தெருவில் இன்றைக்கும் அது குழாய்க்காரர் வீடுதான். ஒரு காலத்தில் எல்லோர் வீட்டையும் போல அவர் வீட்டிலும் கழிப்பறை பின்மூலையில் தகரக் கொட்டகையாக இருந்தது. தெருவிலேயே முதல் ஆளாக அதை இடித்துவிட்டு, மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் கழிப்பறை கட்டி, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டுவதை ஊரைக் கூட்டிக் காட்டியவர். அப்படிப்பட்டவர், மருமகள் வாளியை எடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருப்பார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப்போட்டது. சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டார். விசாரித்ததில், மனிதர் இரண்டு மாதமாக அரை டம்ளர், கால் டம்ளர் என்று குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். குடித்தால்தானே அவள் சுமக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அவள் அவரைச் சத்தம் போட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அன்றைக்கு மத்தியானமே நகராட்சிக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தாள்.

அதற்கு வந்த பதில்தான் அந்த இரண்டு வரி.

அடுத்த விடுமுறை நாளில் அவள் சீட்டு வாங்கிக்கொண்டு நினைவு இல்லத்துக்குள் போனாள். முதல் முறையாக. கூண்டில் இருந்தவருக்கு அவளைத் தெரியும். என்னம்மா நீங்களா என்று சிரித்துவிட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. சாம்பல் கிண்ணத்தில் இரண்டு சிகரெட் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார்கள். கழுவும் தொட்டியில் ஒரு சவரக் கத்தி, பாதி தேய்ந்த சோப்பு. குளியலறையின் கதவைத் திறந்தே வைத்து அதற்கும் ஒரு கயிறு. வெள்ளைப் பீங்கான், பளபளவென்று. யாருமே உட்காராத ஒன்றை ஒருவர் தினமும் கழுவுகிறார் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

மாடியில்தான் அந்த அறை. மேஜை, நாற்காலி, மூடி திறந்த பேனா. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. பக்கத்துச் சுவரில் அவருடைய புத்தகத்திலிருந்து எடுத்த வாசகம் பெரிய எழுத்தில்: "இந்த ஜன்னலுக்கு அப்பால் மனிதன் இல்லை. சரிவும் மரமும் மேகமும் மட்டும்." பத்துப் பன்னிரண்டு பேர் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். சரிவு இருந்தது. மரம் இருந்தது. அவற்றுக்கு முன்னால், கீழே, கைக்கு எட்டுகிற தூரத்தில், அவளுடைய துணிக்கொடியில் மாமனாரின் கம்பளிச் சட்டை தலைகீழாகத் தொங்கியது. நீல வாளி கவிழ்ந்திருந்தது. அதன் பக்கத்தில், நடுவில் ஓட்டையோடு, கமோடு நாற்காலி நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு பெண் தன் கைப்பேசியைச் சற்றே மேலே தூக்கி, நாற்காலி படத்தில் விழாதபடி எடுக்கப் பார்த்தாள். வழிகாட்டியாக நின்றவர் பக்கத்து வீட்டுக்காரியை அடையாளம் கண்டுகொண்டு ஓரமாக வந்தார். குரலைத் தாழ்த்தி, அந்த நாற்காலியை வேறு எங்காவது வைக்க முடியுமா, வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அது எங்க மாமாவோட நாற்காலி," என்றாள் அவள். "அங்க மட்டும்தான் வெயில் விழுது." மேற்கொண்டு பேசினால் அழுகை வந்துவிடும் என்று தோன்றியதால் படியிறங்கி வந்துவிட்டாள். அங்கேயும் பதினான்கு படிதான். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கணக்கு அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமனாரிடம் நடந்ததைச் சொன்னபோது நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை. சுவரில் எழுதியிருந்ததை மட்டும் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பு வலிக்கும் அளவுக்குச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஜன்னலா? அதை அந்த ஆளு தெறந்ததே இல்லம்மா. கீழ நம்ம கக்கூஸ் இருந்துச்சுல்ல, நேர் கீழ. நாத்தம் தாங்காம ஆணி அடிச்சு வெச்சிருந்தாரு. எழுதுனதெல்லாம் முன்பக்க ரூம்ல. ஒரு நாள் மூக்கை மூடிக்கிட்டு மதில்கிட்ட வந்து நின்னு எங்கப்பாவை வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. முனிசிபாலிட்டிக்கே எழுதிப் போடுறேன்னாரு. எழுதியும் போட்டாரு."

நினைவு இல்லத்தைக் கவனித்துக்கொள்ள ஒரு கமிட்டி இருந்தது; அதன் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எழுத்தாளரைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். அவளுக்கு அவரைத் தெரியும். அவருடைய கண்ணாடி, இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர், அவள் கையால் போட்டது. மூக்குத் தாங்கி உடைந்துபோய் ஒரு நாள் கடைக்கு வந்தார். அவள் புதிதாகப் பொருத்தி, அவர் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் சரிபார்த்தபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். அவரைத் திட்ட முடியாது என்பதுதான் பெரிய கஷ்டம்.

"உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா," என்றார். "ஆனா பாருங்க, வாய்மொழியா சொல்றதை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவரே எழுதியிருக்காரு, ஜன்னலுக்கு அப்பால் மனிதன் இல்லைன்னு. அதுக்கு எதிரா எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டாங்க. உக்காந்து பேசலாம்."

நினைவு இல்லத்தின் காப்பாட்சியர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். எந்நேரமும் ஸ்வெட்டர் கையை மடக்கிவிட்டுக்கொண்டே இருப்பாள். கீழே ஒரு சின்ன அறையில் எழுத்தாளரின் காகிதப் பெட்டிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பாதியை யாரும் திறந்ததுகூட இல்லை. இவள் போய், நகராட்சிக்கு அவர் எழுதிய கடிதம் அதில் இருக்கிறதா என்று தேடித் தரக் கேட்டபோது, இது என் வேலை இல்லையே அக்கா என்று அந்தப் பெண் இழுத்தாள். முகம் கோணவில்லை. நான்காம் வாரம் அவளே கடைக்கு வந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பையிலிருந்து ஒரு நகலை எடுத்து லென்ஸ் தட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

தட்டச்சுக் கடிதம், கார்பன் பிரதி. நகராட்சித் தலைவருக்கு. "மூன்று கோடைகளாக எனது மாடி அறையின் ஜன்னலைத் திறக்க இயலவில்லை. பக்கத்து வீட்டுக் கழிப்பிடம் அதன் நேர் கீழே அமைந்துள்ளதே காரணம். ஒரு தேசத்தின் இலக்கியம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதப்படுவதைத் தாங்கள் விரும்புவீர்களா?" கீழே அவருடைய கையெழுத்து, கொக்கி போட்டது.

அவள் அதை மூன்று முறை படித்தாள். கடை முதலாளி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, வீட்டு விஷயம் என்றாள். அன்றைக்குத் தேய்த்த லென்ஸ் எல்லாம் ஒரே தடவையில் பொருந்தின.

கமிட்டி கூடியது நினைவு இல்லத்தின் சாப்பாட்டு அறையில். எழுத்தாளரின் நாற்காலிகளில் உட்காரக்கூடாது என்பதால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, சுவரோரமாக, அந்தப் பெரிய மேஜையைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரோடு ஐந்து பேர். அவளுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பேராசிரியர் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிறகு இறக்கி, வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவளை யாரும் பார்க்கவில்லை. 'ஒரு தேசத்தின் இலக்கியம்' என்ற தொடரை அவர் வேறெங்காவது பயன்படுத்தியிருக்கிறாரா என்று ஒருவர் கேட்டார். இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வடிவத்தை வைத்து வருடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். அப்படியானால் அந்தப் புகழ்பெற்ற வாசகம் கற்பனையில் எழுதியது, அதுவல்லவா மேதைமை என்று ஒருவர் உருகினார். அந்தத் தகரக் கொட்டகையையே பழையபடி, உபயோகத்துக்கு இல்லாமல், காட்சிக்காக நிறுத்தினால் என்ன என்றுகூட ஒருவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். வேறு வழி தெரியவில்லை.

"சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் ஜன்னலை மூடித்தான் வெச்சிருந்தார்னு இப்ப எழுத்துலயே இருக்கு. அவர் வெச்ச மாதிரியே நீங்களும் மூடிடுங்க. மூடிட்டா அங்கேருந்து எங்க வீடு தெரியாது. நான் கட்டிக்கறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பேராசிரியர் மெல்லத் தலையசைத்தார். ரொம்பச் சரி என்றார். உண்மை எதுவோ அதைத்தானே நாம் காட்ட வேண்டும் என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஜன்னலை மூடுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானமாயிற்று.

அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் மாமனாருக்கு ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தாள். கணவனுக்குப் போன் செய்தாள். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நிஜமாகவா, நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டான். மாமனார் ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் குழாய் எங்கே எப்படிப் போக வேண்டும் என்று வரைய ஆரம்பித்தார். கோடு வளையாமல் இருக்க மருந்துப் பெட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

பத்து நாளில் ஜன்னல் மூடப்பட்டது. உண்மையாகவே ஆணி அடித்தார்கள். பழைய வாசகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் கடிதம். பத்திரிகையிலிருந்து வந்து படம் பிடித்தார்கள். மூடிய ஜன்னலைப் பார்க்க முன்பைவிட அதிகக் கூட்டம் வந்தது. கணவனுக்கு வாரத்தில் ஐந்தாவது நாளும் சவாரி கிடைத்தது.

அவள் புதிதாக விண்ணப்பம் எழுதி, தீர்மானத்தின் நகலை இணைத்து, நகராட்சியில் கொடுத்தாள். இந்த முறை பதில் நாலே வாரத்தில் வந்தது. அதே இரண்டு வரி.

நகராட்சிக் கவுன்டரில் இருந்தவர் அரசிதழைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். தடை இருப்பது ஜன்னலிலிருந்து தெரியும் பரப்புக்கு. பரப்பு எது என்று வரைபடத்தில் கோணம் போட்டுக் குறித்திருக்கிறது. ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"மூடின ஜன்னல்லேருந்து எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. ஆனா தெரியும் பரப்புன்னு போட்டிருக்கு."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன். அரசிதழை மாத்தினா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

அரசிதழை மாற்ற கமிட்டி பரிந்துரைக்க வேண்டும். கமிட்டி வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். அது இந்த வருடத்துக்குக் கூடி முடித்துவிட்டது. பரிந்துரை போனபிறகு துறை, துறைக்குப் பிறகு தலைமையகம். பேராசிரியரை வீட்டில் போய்ப் பார்த்தாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். இப்படி ஒரு சிக்கல் வரும் என்று யாருமே நினைக்கவில்லையே என்றார். அடுத்த வருடம் முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளலாம் என்று டைரியில் குறித்துக்கொண்டார். அவள் வெளியே வந்து, அவர் வீட்டுக் கேட்டைச் சாத்தும்போது ஓங்கிச் சாத்தினாள். அது சத்தமே இல்லாமல் மெதுவாக வந்து மூடிக்கொண்டது. நல்ல கேட்.

வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணவன் ஊரில்தான் இருந்தான். அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாள் சவாரி போகிறாயே, அந்த ஜன்னலைக் காட்டித்தானே சம்பாதிக்கிறாய், உன் அப்பாவின் வாளியை ஒரு நாள் நீ தூக்கியிருக்கிறாயா என்று, இத்தனை மாதம் வாயில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து அறையில் மாமனார் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. மறுநாள் காலை அவள் எழுந்தபோது வாளி ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்தது. கணவன் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

வழி கண்டுபிடித்தது மாமனார்தான். இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"வீட்டுக்குள்ள என்ன பண்ணினாலும் எவனும் கேக்க முடியாது. மாடி கக்கூஸ் நேரா சமையல்கட்டுக்கு மேலதான் இருக்கு. அந்தப் பெரிய குழாய் சமையல்கட்டுச் செவுத்தை ஒட்டித்தான் எறங்குது. நான் போட்டதுதானே. அதுல ஒரு இணைப்புக் குடுத்தாப் போதும். ஆனா..."

கீழே இருப்பதே ஒரு கூடமும் அவருடைய அறையும் சமையலறையும்தான். ஒரு பக்கம் பாறை. முன்பக்கம் தெரு. சமையலறை கழிப்பறை ஆகிவிட்டால் சமைப்பது எங்கே?

அவள் சமையலறையில் போய் நின்றாள். பெரிய இடம் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவளே அப்போது உயிரோடிருந்த மாமியாரிடம் சண்டை போட்டு, மேடையை அரையடி உயர்த்தி வாங்கியிருந்தாள். மாமியார் குள்ளம், அவள் நெட்டை. மேடைக்கு மேலே அவள் கையால் அடித்த அலமாரி. பருப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று விளக்கில்லாமல் எடுக்க வரும். அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்து, சரி மாமா, கூப்பிடுங்கள் ஆளை என்றாள்.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. மாமனார் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு குழாய்க்காரனை ஒரு வழி பண்ணினார். சரிவு போதாது, மட்டம் வைத்துப் பார், இந்த முழங்கைக் குழாய் நிற்காது, பிடுங்கு என்று பிடுங்க வைத்தார். அவன் ஒரு தடவை கோபித்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டே போய்விட்டான். கணவன் வண்டியில் போய்ச் சமாதானம் பண்ணி அழைத்து வந்தான். மேடையை உடைக்கும்போது அவள் கடையில் இருந்தாள். வேண்டுமென்றேதான் அன்றைக்கு விடுப்பு எடுக்கவில்லை.

அடுப்பு மாடிப்படிக்கு அடியில் வந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். முதல் வாரத்தில் அவள் நெற்றியில் இரண்டு புடைப்பு. கூடம் முழுக்க எண்ணெய்ப் புகை. கணவனின் சீருடையிலிருந்து தாளித்த வாசனை வருகிறது என்று வண்டியில் ஏறிய ஒருவர் சொன்னாராம். பாத்திரம் கழுவப் பின்புறக் குழாயடிக்குப் போக வேண்டும். மழை பெய்தால் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கழுவினாள்.

ஆனால் வேலை முடிந்த அன்று காலையில், மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எட்டு அடி நடந்து தானாகவே உள்ளே போனார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. அவளும் கணவனும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு தடவை கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டபோது கணவன் சிரித்துவிட்டான். அப்பா, போதும்ப்பா, தொட்டி காலியாயிடும் என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே நிமிர்ந்தாள். தலை படியில் இடித்தது.

நடுவில் ஒரு நாள் பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்தார், காப்பாட்சியரையும் அழைத்துக்கொண்டு. எழுத்தாளரை நேரில் பார்த்தவர்களில் இந்த ஊரில் மிஞ்சியிருப்பவர் மாமனார் ஒருவர்தானாம். கூடத்தில் உட்கார இடமில்லாமல் அடுப்பை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் மாமனார் பதில் சொன்னார். எழுத்தாளரைப் பற்றி இல்லை. ஈயக் குழாய்க்கும் இரும்புக் குழாய்க்கும் உள்ள வித்தியாசம், மாடித் தொட்டியில் எத்தனை அடி உயரம் இருந்தால் எவ்வளவு அழுத்தம் கிடைக்கும், சமையலறை வழியாக இணைப்புக் கொடுத்ததில் இருந்த சிக்கல் என்று ஒன்றரை மணி நேரம். பேராசிரியர் மரியாதைக்காக முழுவதையும் பதிவு செய்துகொண்டார். போகும்போது சட்டையை முகர்ந்து பார்த்தபடியே போனார்.

வருடம் திரும்ப இரண்டு மாதம் இருந்தபோது அவள் நகராட்சியிலிருந்து புதிய படிவம் வாங்கி வந்தாள். கடையில் மத்தியான நேரத்தில், தேய்க்கும் இயந்திரம் சூடாறும்வரை உட்கார்ந்து நிரப்பினாள். இடம்: வீட்டின் பின்புறம். அளவு: ஐந்தடிக்கு ஏழடி. கட்டுமானத்தின் நோக்கம் என்ற இடத்தில், சமையலறை என்று எழுதினாள்.

நினைவு இல்லத்தின் முத்திரை வேண்டும் என்பதால் காப்பாட்சியரிடம் கொண்டுபோனாள். அந்தப் பெண் படித்துவிட்டு, ஸ்வெட்டர் கையை மடக்கிவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, இதுக்கும் அதே பதில்தான் வரும்."

"தெரியும்."

"கமிட்டியில இந்தத் தடவை கூரை ஒழுகறதைப் பத்திப் பேசவே நேரம் போதாதுன்னு சார் சொன்னார்."

"நீ முத்திரையைப் போடும்மா."

அந்தப் பெண் போட்டாள். மை காய்ந்திருந்ததால் முதல் தடவை விழவில்லை. ஊதி ஊதி இன்னொரு தடவை அழுத்தினாள். கொஞ்சம் கோணலாக விழுந்தது. இது செல்லுமா என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் அக்கா என்றாள் காப்பாட்சியர். மாடியில் யாரோ வழிகாட்டியிடம், ஜன்னலை ஒரே ஒரு நிமிடம் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் கடைக்கு நடந்தாள். நாலு மணிக்குக் கொடுக்க வேண்டிய கண்ணாடிகள் இரண்டு பாக்கி இருந்தன.